சட்டசபை பார்க்கப் போய்ச் சம்பந்தியான கதை

குடும்பமாகக் காரெடுத்துக்கொண்டு மூன்று அமெரிக்க மாநிலங்களின் சட்டசபைக் கட்டடங்களைப் பார்த்துவிட்டு நேற்றுக் கனடாவுக்கு, மொன்றியல் வீட்டுக்குத் திரும்பினோம்.

“கட்டடம் பார்க்கவா போனீர்கள்?” என்று எல்லை அதிகாரிக்குச் சந்தேகம். கமெராவில் படங்களைக் காட்டியதும் விட்டுவிட்டார்.

இன்று கோயிலில் ராணியக்கா விடவில்லை.

“ஆரின்ர வீட்டில நிண்டனீங்கள்?”

“ஹோட்டலில, அக்கா.”

“அங்க சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லையோ?”

“இல்லை.”

“பிறகேன் அவ்வளவு தூரம் போனனீங்கள்?”

“கட்டடம் பாக்க.”

அக்கா என் மூத்த மகளை மேலும் கீழும் பார்த்தார். “ஓம், ஓம். கலியாணம் பேசி முற்றாகும்வரைக்கும் வெளியில சொல்லக்கூடாதுதான்.”

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றவில்லை, டொராண்டோவிலிருந்து மச்சாளின் ஃபோன். “எங்களுக்கும் மறைக்கிறீங்கள், என்ன? பெடியன் எந்த ஊர்?”

நாங்கள் கட்டடம் பார்த்த அல்பனிப் பக்கம் நல்ல பெடியன் இருந்தால் சொல்லுங்கள். இவர்களை நம்பவைப்பதைவிட மாப்பிள்ளை தேடுவது லேசு.