பிர்தௌஸுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தவன்

ரமணாசிரமத்துக்கு எதிர் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டும் மொஹ்சின் வாயைத் திறந்தால் மலைமேல் மேய்கிற ஆடுகூடத் திரும்பிப் பார்க்கும். படிப்பு அஞ்சாம் கிளாஸ். அதிலும் பாதி நாள் பள்ளிக்கூடத்துக்கு வெளியேதான். ஆனால் இங்கிலீஷ் அருவியாகக் கொட்டும். அத்தனையும் பாட்டிலிருந்து வந்தது. ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போன பென் டிரைவில் ஒரு லாரிக்கு ஏற்றும் அளவுக்குப் பாட்டு இருந்தது. ஒரு வரி ஓடவிட்டு நிறுத்துவான், பின்சீட்டில் இருப்பவரிடம் அர்த்தம் கேட்பான், அன்று பூராவும் ஏறுகிறவர்கள் மேலெல்லாம் அந்த வார்த்தையைப் போட்டுத் தேய்ப்பான்.

"ஏன்டா, நேத்து ஒரு வயசான அம்மாகிட்ட 'டோன்ட் க்ரை டார்லிங்'னியாமே? அது பஸ் ஸ்டாண்டுக்குத்தான வழி கேட்டுச்சு!" என்பான் கூட ஓட்டும் அருணகிரி.

"வழி தெரியலன்னா அழுவாங்க இல்ல? முன்கூட்டியே சொல்லி வச்சேன்."

வீட்டில் மழை வெளியே கம்மி, உள்ளே ஜாஸ்தி. ஒழுகாத கூரை ஒன்று வேண்டும் என்பதுதான் அவன் மனைவி பிர்தௌஸின் ஒரே ஆசை. துபாயில் ஒரு வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை, இங்கிலீஷ் பேசணும் என்று ஏஜெண்ட் சொன்ன அன்றே கேட்டாள்: "எனக்கும் சொல்லிக் குடுங்க."

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தான். சாயங்காலம் வாசலில் நிற்கும் ஆட்டோவின் பின்சீட்டில் அவள் உட்காருவாள், இவன் பாட்டை நிறுத்தி நிறுத்திப் பாடம் எடுப்பான்.

"'வில்' வந்தா இன்னும் நடக்கலன்னு அர்த்தம். 'ஐ வில் கோ'. போவேன். ஆனா போகல. புரியுதா?"

"போவேன்னா போவேன்தானே?" என்றாள்.

வீடியோ காலில் துபாய் வீட்டு அம்மா, குழந்தை அழுதால் என்ன செய்வாய் என்று கேட்டாள். பிர்தௌஸ் அவன் சொல்லிக்கொடுத்த தாலாட்டுப் பாட்டைப் பாடினாள். அந்தப் பக்கம் சிணுங்கிக்கொண்டிருந்த குழந்தை வாயடைத்துப்போனது. வேலை உறுதி.

மொஹ்சின் ஸ்டாண்டுக்கே டீ வாங்கிக் கொடுத்தான். "வாத்தியாரு யாரு? நானு!" என்று மார்தட்டினான். அவன் டீ மட்டும் ஆறிப்போய் அப்படியே இருந்தது.

கிளம்பும் தேதியை ஏஜெண்ட் சொன்னபோது மொஹ்சின் வாய் திறக்காமல் தலையாட்டினான். அந்தத் தேதி பௌர்ணமி. பௌர்ணமியில் கிரிவலக் கூட்டத்தில் இந்த ஊரில் ரோடு என்று ஒன்று கிடையாது, தலைகள்தான். ஆட்டோவை விடமாட்டார்கள், பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியே நிற்கும். பஸ்ஸை விட்டால் ஃப்ளைட்டும் போய்விடும். பெருநாள் பிறைக்குக்கூட அவன் நிலாவை இப்படி எதிர்பார்த்ததில்லை.

பௌர்ணமியன்று விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் அவள் புர்கா போட்டுப் பெட்டியோடு வாசலில் நின்றாள்.

"இப்பவேவா? ஃப்ளைட்டு ராத்திரிதானே?"

"நேரமாச்சுன்னா ரோட்ட அடைச்சிடுவாங்க. நானும் இந்த ஊர்க்காரிதாங்க. பௌர்ணமின்னு எனக்குத் தெரியாதா?"

அவன் சாவியைத் தேடுவதுபோலக் குனிந்தான். சாவி கையிலேயே இருந்தது.

"நீங்க அந்தத் தேதிக்குத் தலையாட்டினப்பவே புரிஞ்சிடுச்சு."

"அப்ப ஏன் அன்னிக்கே கேக்கல?"

"கேட்டிருந்தா 'போவாத'ன்னு சொல்லியிருப்பீங்க. அப்புறம் நான் எப்படிப் போறது?"

செங்கம் ரோடு காலியாகக் கிடந்தது. மோர்ப் பந்தலுக்கு அப்போதுதான் மூங்கில் நட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு பாட்டு போடுங்களேன்."

"ஒயரு போயிடுச்சு" என்றான். ஸ்பீக்கரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்ததை அவள் பார்த்தாள்.

ஐப்பசி மழையில் ஒருநாள் அவள் கூப்பிட்டாள். பேச்சு நடுவில் குழந்தை அழுதது. பிர்தௌஸ் அதனிடம் கடகடவென்று இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். மொஹ்சினுக்கு ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை.

"இன்னா சொன்னே அதுகிட்ட?"

"ஒண்ணுமில்லங்க. மூக்கத் தொடச்சிக்கோன்னேன்."

"அடடே, வாத்தியாரையே மிஞ்சிட்டியே!" என்று சிரித்தான். அவனிடம் இருந்த ஒரு லாரிப் பாட்டில் மூக்கைத் துடைக்க ஒரு வரிகூட இல்லை. போனை வைத்துவிட்டு, நிரம்பி வழிந்த குண்டானை எடுத்து வெளியே கொட்டிவிட்டு வந்து, மறுபடி ஒழுகும் இடத்திலேயே வைத்தான்.