வசந்தியிடம் யாரும் கேட்காத அறை

1. குரல்பதிவு

மட்டக்களப்பு நகரில், பிள்ளைகளை வெளிநாட்டுப் படிப்புக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் நீண்ட காலமாகக் கோப்புகளைப் பார்த்து வருகிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், விசா கிடைத்தால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். முடிவதில்லை. பிள்ளை அங்கே எங்கே படுக்கும் என்ற கேள்வி மிஞ்சி நிற்கும். அதற்குப் பதில் இல்லாமல் பயணமே நின்றுபோன வீடுகள் உண்டு.

செட்டிபாளையம் சரண்யாவின் விமானம் ஞாயிற்றுக்கிழமை. இங்கிலாந்தில் முதுகலைப் படிப்பு. பல்கலைக்கழக ஹொஸ்டல் நிரம்பிவிட்டது. வெயிட்டிங் லிஸ்டில் அவள் பெயர் இருந்தது. வீட்டில் அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. தாய் யோகத்தின் தம்பி குமார் அதே நகரத்தில் குடும்பத்தோடு இருந்தார். "ஒரு அறை சும்மாதான் கிடக்கு அக்கா, மருமகள அனுப்பு" என்று மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை காலை அலுவலகம் திறக்கும்போதே தாயும் மகளும் வாசலில் நின்றார்கள். யோகம் போனை என் மேசையில் வைத்து, தம்பியின் குரல்பதிவைப் போட்டார்.

"அக்கா, குறை நினைக்காத. புள்ளைக்கு வேற இடம் ஒண்டு பாக்கச் சொல்லு. இஞ்ச கொஞ்சம் சரிவராது போல கிடக்கு. மறுகா எடுக்கிறன்."

அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை. இவர்கள் எடுத்தாலும் மணி அடித்து ஓய்ந்தது.

"அப்பா என்ன சொல்றார்?" என்று சரண்யாவிடம் கேட்டேன்.

"வட்டைக்கு வயல் பாக்கப் போகக்குள்ள சொல்லித்துப் போனார் மிஸ். படுக்க இடம் இல்லாத ஊருக்குப் பொம்புளப் புள்ளய ஏத்த மாட்டாராம். பெட்டிய அவிழ்க்கட்டாம்."

"அவிழ்த்தியா?"

"இல்ல மிஸ். பெட்டிக்கு மேல ஏறி இருந்தன்."

சிரிக்க முயன்றாள். வரவில்லை.

2. மூடிய கதவுகள்

படிப்புக்குப் பதிவு செய்யக் கடைசி நாள் அடுத்த வாரம். தவறினால் அந்த இடம் போய்விடும். அடுத்த வருடம் இதே இடம் கிடைக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. அதை இருவரிடமும் மறைக்காமல் சொன்னேன்.

ஹொஸ்டல் பகுதிக்கு மின்னஞ்சல் போட்டேன். இன்னும் வெயிட்டிங் லிஸ்ட்தான் என்று பதில் வந்தது. வாடகை அறைகளைத் தேடினோம். ஒரு வீட்டுக்காரர் அந்த நாட்டிலேயே வேலை செய்கிற ஒருவர் பிணை நிற்க வேண்டும் என்றார். இன்னொருவர் நேரில் வந்து பார்க்காமல் தரமாட்டார். மூன்றாமவர் அறையின் படத்தைக்கூடக் காட்டாமல் முற்பணம் கேட்டார். அப்படிக் கேட்பவர்களோடு நான் பேச்சை அத்தோடு நிறுத்திவிடுவேன்.

எங்கள் மனேஜர் எட்டிப் பார்த்து, "ஒரு கிழமைக்கு ஹோட்டல் போட்டு விடுங்களன்" என்றார்.

யோகம் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. "இவர்ட மகள விடுவாராமா?" என்று என்னிடம் கேட்டார். மனேஜர் உள்ளே போய்விட்டார்.

பிற்பகலில் நான் கேட்டேன்: "தம்பியோட ஏதும் மனத்தாங்கலா அக்கா?"

"என்ட தம்பி அப்பிடிப்பட்டவன் இல்ல."

"வசந்தி என்ன சொன்னா?" வசந்தி குமாரின் மனைவி; நாவற்குடாப் பெண்.

"அவக்கிட்ட என்னத்தக் கேக்க? தம்பிட்டக் கேட்டன்தானே."

"நீங்க இப்ப இருக்கிற வீடு ஆருட?"

"என்ட. அம்மா சீதனமாத் தந்த வீடு."

"உங்கட மனிசன்ட தங்கச்சி மகள் வந்து நிண்டு படிக்கணும் எண்டா, ஆருட்டக் கேப்பாங்க?"

"என்னட்டத்தான். அவரிட்டக் கேட்டு அவர் என்னத்தச் சொல்ற..." என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கல்யாணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டுக்குப் போகிறவர். அந்த வீட்டில் ஒரு பாய் விரிக்க வேண்டுமென்றாலும் அவளிடம்தான் கேட்பார்கள். ஊரில் யோகம் இந்த முறையை ஒருநாளும் தவறவிட்டிருக்க மாட்டார். தம்பி கடல் கடந்த வீட்டில் இருந்ததால், அது தம்பியின் வீடு என்று நினைத்துவிட்டார்.

"வசந்திட நம்பரத் தாங்க" என்றேன்.

யோகம் மகளைப் பார்த்தார். மகள் தாயைப் பார்த்தாள். இருவரிடமும் அந்த நம்பர் இல்லை.

3. நாவற்குடாவில்

வசந்தியின் அக்கா பத்மா நாவற்குடாவில் இருந்தார். மூவரும் ஓட்டோ பிடித்துப் போனோம்.

"வாங்க மச்சாள், வழி தெரிஞ்சா வந்தீங்க?" என்றார் பத்மா. கதிரையைக் காட்டினார், தேநீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. "தங்கச்சி பேஸ்புக்கிலதான் பாத்தாவாம், மருமகள் வாறாவெண்டு. எல்லாருக்கும் சொன்ன மாதிரி அவக்கும் சொல்லியிருக்கீங்க."

அந்தப் பதிவைப் போட்டவள் சரண்யா. தலை குனிந்தாள்.

யோகம் வாக்குவாதம் செய்யவில்லை. "அவவக் கூப்பிட்டுத் தா மச்சாள்" என்றார்.

பத்மா வீடியோ அழைப்பை எடுத்தார். இங்கே மாலை, அங்கே நண்பகல் தாண்டியிருந்தது. திரை இருட்டாக இருந்தது. பிறகு ஒரு விளக்கு எரிந்து, தலை கலைந்த வசந்தியின் முகம் தெரிந்தது.

"வசந்தி, உன்னட்டக் கேக்காமப் புள்ளய அனுப்பப் பாத்தது பிழை," என்றார் யோகம். "இப்பக் கேக்கிறன். உன்ட வீட்டில என்ட புள்ளைக்கு இடம் இருக்கா?"

வசந்தி போனைத் திருப்பினார். சின்ன அறை. யன்னலில் தடித்த கறுப்புத் திரை. கலைந்த கட்டில்.

"இதுதான் மச்சாள் சும்மா கிடக்கிற அறை. வயசாளிகள் இல்லத்தில ராவு முழுக்க வேலை செஞ்சித்து வந்து பகலில நான் படுக்கிற இடம். அந்த நேரம் உங்கட தம்பி வேலைக்குப் போயிருவார். அவருக்கு இது எப்பவும் சும்மாதான் கிடக்கும். அக்காட்ட இல்லையெண்டு சொல்லவும் தெரியல்ல, என்னட்டக் கேக்கவும் தெரியல்ல அவருக்கு."

பயணம் முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன்.

"இந்த அறையத் தர ஏலா," என்றார் வசந்தி. "சரண்யா எங்க? முன்னுக்கு வா."

சரண்யா போனின் முன் வந்தாள்.

"குறட்டை விடுவியா?"

"இல்ல மாமி."

"என்ட மகளுக்கு நித்திரைக்குள்ள கதைக்கிற பழக்கம் இருக்கு. அவட அறையில கீழ மெத்தை போட்டுத் தாறன். ஹொஸ்டல் வரும் வரைக்கும், இல்லாட்டி டிசம்பர் நத்தார் வரைக்கும். அதுக்குள்ள வேற அறை தேடோணும். பகலில வீட்டில சத்தம் இருக்கக்கூடா. சம்மதமா?"

"சம்மதம் மாமி."

"அப்ப வா."

பத்மா அப்போதுதான் எழுந்து உள்ளே போனார். குசினியில் தேநீருக்குக் கேத்தல் வைக்கும் சத்தம் கேட்டது.

யோகம் கணவருக்குப் போன் எடுத்து, தங்க இடம் சரியென்றார். மறுமுனையில் அவர் கேட்டது எனக்கும் கேட்டது.

"ஆரு சொன்னது? உன்ட தம்பியா?"

"இல்ல. வசந்தி சொன்னா."

"அப்ப பெட்டியப் பூட்டச் சொல்லு."

சரண்யா ஞாயிற்றுக்கிழமை போனாள். அதன் பிறகு, உறவினர் வீட்டில் தங்கப் போகும் பிள்ளை யார் வந்தாலும், விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே அந்த வீட்டுப் பெண்ணோடு நான் நேராகப் பேசிவிடுகிறேன். அறை சும்மா கிடக்கிறதா என்று கேட்பதில்லை. பகலில் அதில் யார் படுக்கிறார்கள் என்று கேட்கிறேன்.