வேனுக்குத் தைத்த மெத்தை

ஜன்னல் சட்டங்களில் ஏறியிருந்த துருவை உப்புத்தாளால் தேய்த்து எடுக்கும் வேலை அவளுடையது. கணவர் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்து கியர்பாக்ஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். கால்கள் மட்டும் வெளியே தெரியும். அவ்வப்போது ஒரு கை நீளும். ஸ்பேனரா, கந்தைத் துணியா என்று அவர் வாய் திறப்பதற்குள் அவள் அதை அந்தக் கையில் வைத்திருப்பாள். கேட்காமலே எடுத்துக் கொடுத்துக் கொடுத்துப் பழகிய கை.

வண்டி ஒரு காலத்தில் காட்டு இலாகாவில் ஓடியது. நாலு சக்கரமும் இழுக்கும். மேற்கூரையைத் தூக்கி நிறுத்தினால் சுற்றிலும் கேன்வாஸ் விரியும், உள்ளே நின்றபடி உடை மாற்றலாம். அதெல்லாம் அந்தக் காலம். வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தபோது அதன் தரையில் புல் முளைத்திருந்தது. பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். டிப்போவில் கழித்துக் கட்டிய வண்டிகளை எல்லாம் பார்த்துப் பார்த்து ஏங்கியவர். "இனிமேலாவது நீ நாலு இடம் பார்க்கணும், அதுக்குத்தான்" என்றார் அவளிடம்.

இனிமேல் என்றால், அவருடைய அம்மா போன பிறகு.

அதற்கு முன் அவள் கார்களுக்கு சீட் கவர் தைக்கும் கடையில் இருந்தாள். அங்கே எல்லோருக்கும் சீட்டக்கா. மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து படுத்த படுக்கையானதும் தையல் மெஷினைத் துணி போட்டு மூடிவிட்டு வந்துவிட்டாள். நடமாடிய காலத்தில் மாமியாருக்கு வாய் அதிகம். இவள் தைத்த சீட்டில் உட்கார்ந்தால் காரே அழும் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரித்தவள்தான். படுத்த பிறகு அந்த வாயும் அடங்கிப்போனது. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, முதுகில் புண் வராமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் படுக்கவைப்பது என்று வருஷங்கள் ஓடின. பிடித்துச் செய்தாளா, வேண்டாவெறுப்பாகச் செய்தாளா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. செய்தாள்.

மாமியார் போனதும் எல்லோரும் இவளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். இனி நீ ராணிதான் என்றார்கள். அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. சரி, நிம்மதியாவது வரும் என்று பார்த்தாள். அதுவும் வரவில்லை. ஊசி போட்ட ஈறு மாதிரி எல்லாம் மரத்துக் கிடந்தது. சாப்பிட்டாள், தூங்கினாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள்.

கணவருக்கு அது புரியாமல் இல்லை. தலையால் தண்ணீர் குடித்து அந்த வண்டியை அவர் எழுப்பி நிறுத்தியதே, அவள் முகம் ஒரு தடவை மலர்ந்து பார்க்கத்தான். அது அவளுக்கும் தெரியும். கொடுக்க முடிந்தால் கொடுத்திருப்பாள். தன்னிடம் இருக்கிறதா என்று உள்ளே தேடியும் பார்த்தாள்.

தகரத்துக்கு ஒட்டு வைக்க வரும் வெல்டர் வாரத்தில் பாதி நாள் இவர்கள் வாசலில்தான். "அண்ணே, நாம வச்ச ஒட்டுல புது வண்டியே செஞ்சிருக்கலாம். இதுல பழசுன்னு மிச்சம் இருக்கிறது நம்பர் பிளேட்டும் நீங்களும்தான்" என்பார். அவளுக்கும் சேர்த்துக் கணவர் சிரிப்பார்.

உள்வேலை முழுவதும் அவள் பொறுப்பு. கேன்வாஸில் கிழிசலுக்கு ஒட்டுப் போட்டாள். திரை தைத்தாள். மெத்தைக்குப் பழுப்பு ரெக்சினில் உறை தைத்தாள். தலைமாட்டில் ஒரு பை வைத்தாள். பக்கவாட்டில் பிடித்து எழ ஒரு பட்டை. படுக்கையின் ஓரமாக ஒரு கம்பித் தடுப்பு வேண்டும் என்று வெல்டரிடம் அவளே சொல்லி வைத்தாள். மேட்டில் வண்டி ஆடும்போது உருண்டு விழாமல் இருக்க என்றாள். கணவர் உள்ளே ஏறிப் பார்த்து, தேர்ந்த கைதான் என்று மெச்சிக்கொண்டார்.

முதல் பயணம் மலைப்பக்கம். கல்லும் முள்ளுமான தடத்தில் வண்டி முனகாமல் ஏறியது. குறுக்கே ஓடிய ஆற்றில் இறங்கி, கதவு வரை தண்ணீர் அடிக்க, அக்கரையில் ஏறி நின்றது. கணவர் ஸ்டீயரிங்கைத் தட்டிக் கொடுத்துவிட்டு இவள் பக்கம் திரும்பினார்.

"எப்படி?"

"நல்லா இருக்கு."

ஏரிக்கரையில் நின்றபோதும் கேட்டார். நல்லா இருக்கு என்றாள். பள்ளத்தாக்கு முழுவதும் மேகம் இறங்கிய காலையில் கேட்கவில்லை, பார்த்தார். அவர் பார்ப்பதைப் பார்த்து அதையே சொன்னாள். மகள் போனில் கூப்பிட்டு, சிரித்த மாதிரி ஒரு போட்டோ அனுப்பச் சொன்னாள். இவள் சிரித்தபடி ஒன்று எடுத்தாள். அதைத் திருப்பிப் பார்த்தபோது யாரோ தெரிந்தவருடைய மனைவி போலிருந்தது.

மறுநாள் மதியம் மழை பிடித்துக்கொண்டது. பாறை மறைவில் வண்டியை ஓரம் கட்டினார்கள். சாப்பிட்டதும் கணவர் படுத்துக் குறட்டை விட ஆரம்பித்தார். அவள் டீ டம்ளரோடு படிப்பலகையில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டம்ளரை வைத்துவிட்டு எழுந்தாள். ஒரு கையை அவர் தோளுக்கு அடியிலும் மற்றதை இடுப்புக்கு அடியிலும் கொடுத்து, ஒரே இழுப்பில் சுவர்ப் பக்கமாகத் திருப்பினாள். முதுகுக்குத் தலையணையை அண்டக் கொடுத்தாள். சட்டையை விலக்கி இடுப்பெலும்பின் மேல் உள்ளங்கையை வைத்துச் சிவந்திருக்கிறதா என்று பார்த்தாள்.

அவர் விழித்துக்கொண்டார்.

"என்ன பண்ற?"

"திருப்பி விடறேன்."

"எதுக்கு?"

அவளுக்குப் பதில் இருந்தது, வாய் வரை வந்தது. அப்போதுதான் படுத்திருப்பது யார் என்று பார்த்தாள். அவர் எழுந்து உட்கார்ந்தார். ரெக்சின் கிறீச்சிட்டது. கம்பித் தடுப்பைப் பார்த்தார். பிடித்து எழும் பட்டையைப் பார்த்தார். தலைமாட்டுப் பைக்குள் கை விட்டார். மடித்த துண்டு, பஞ்சு, பவுடர் டப்பா. எப்போது எடுத்து வைத்தோம் என்று அவளுக்கு நினைவில்லை.

"இது எங்கம்மா கட்டில்" என்றார்.

அவளும் நன்றாகப் பார்த்தாள். "ஆமா" என்றாள். "அகலம்தான் கொஞ்சம் கூட."

அவருக்குச் சிரிப்பு வந்தது. "எனக்கு இன்னும் அந்த நெலம வரலையேம்மா" என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். மழை விட்டதும் வண்டியைத் திருப்பினார். எப்படி என்று அதற்கப்புறம் கேட்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து சேர்ந்த மறுநாள் கம்பித் தடுப்பை அவரே அறுத்து எடுத்தார். நானே வந்து எடுத்திருப்பேனே என்று வெல்டர் குறைப்பட்டதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மெத்தை உறையைக் கழற்றிச் சுருட்டிக் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். அவள் சமையலறை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். தான் தைத்ததாயிற்றே என்று ஒன்றும் தோன்றவில்லை.

சாயங்காலம் கடைவீதிக்குப் போய் இரண்டு துணிச் சுருள்களோடு வந்தார். ஒன்றில் மஞ்சள் பூக்கள், மற்றது வெறும் நீலம். மாமியார் படுத்திருந்த பின்னறையில், கட்டில் கிடந்த இடத்தில் இப்போது வேன் வேலைக்காக வாங்கிய தையல் மெஷின் இருந்தது. அவள் தலையணை உறைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். துணிகளை அவள் முன்னால் வைத்தார்.

"வர்ற மாசம் கணவாய்ப் பக்கம் நாலஞ்சு பேரு வண்டி எடுத்துட்டுப் போறாங்களாம். நாமளும் போவோம். இதுல உனக்குப் பிடிச்சத எடுத்து உனக்குப் பிடிச்ச மாதிரி தை. எனக்காக வேணாம், அம்மாவ நெனச்சும் வேணாம். உனக்கு."

அவள் மெஷினை நிறுத்தினாள். மஞ்சளைத் தொட்டுப் பார்த்தாள். நீலத்தை விரலால் தேய்த்துப் பார்த்தாள். இரண்டும் நல்ல பருத்திதான், சாயம் போகாது. எந்த ஊசி போடுவது, எவ்வளவு நெருக்கமாகத் தையல் விடுவது என்பதெல்லாம் உடனே தெரிந்தது. எது பிடித்திருக்கிறது என்பது மட்டும் தெரியவில்லை.

"என்னங்க, தெரியாமத்தான் கேக்கறேன். குத்தம் சொல்றதா நெனச்சுக்காதீங்க" என்றாள். "எனக்கு முன்ன எது பிடிக்கும்? உங்களுக்காவது ஞாபகம் இருக்கா?"

அவர் நீலத்தைப் பார்த்தார். மஞ்சளைப் பார்த்தார். வாயைத் திறந்தார். அவள் முகத்தை நிமிர்த்திக்கொண்டு, சொன்னால் அப்படியே எடுத்துக்கொள்ளத் தயாராகக் காத்திருந்தாள். அவர் துணிகளின் மடிப்பைச் சரிசெய்துவிட்டு அறையை விட்டு வெளியே போய், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டார்.