என் ஹெல்மெட்டுக்குள் ஒரு குடித்தனம்

வீட்டிலிருந்தே வேலை என்று ஆனபிறகு என் ஸ்கூட்டருக்கு ஓய்வு. ஹெல்மெட் பால்கனியில், துணி காயப்போடும் கம்பிக்குப் பக்கத்தில், ஓர் ஆணியில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமை காலை, சிவாஜிநகர் போய் ஆட்டுக்கால் வாங்கி வரலாம் என்று அதை எடுத்தேன். தலைக்கு மேலே தூக்கிக் கவிழ்க்கப்போகும் நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு சத்தம். யாரோ செல்போனை வைப்ரேஷனில் போட்டு உள்ளே மறந்து வைத்துவிட்டது போல இருந்தது. ஹெல்மெட்டுக்கு யார் போன் செய்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தேன்.

ஈர மண் பூச்சு. அதன் மேல் நூலிடையோடு ஒரு கருங்குளவி. அது வேலையை நிறுத்திவிட்டு, இந்தாளுக்கு இங்கே என்ன வேலை என்பது போல என்னைப் பார்த்தது.

ஹெல்மெட்டை மறுபடி ஆணியில் எப்படி மாட்டினேன் என்று இன்றுவரை தெரியாது. அடுத்து எனக்கு நினைவிருப்பது, குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, கையில் ஆயுதமாக ஒரு பிளாஸ்டிக் மக்குடன் நான் நின்றதுதான்.

"இன்னா ஆச்சு, வயிறு சரியில்லையா?" என்று வெளியே என் மனைவியின் குரல்.

"ஹெல்மெட்ல குளவி கூடு கட்டுது. துடைப்பம் எடுத்தா."

துடைப்பம் வரவில்லை. பால்கனிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. கோயிலில் பேசுவது போன்ற குரல்.

"மண்ணு ஈரமா இருக்குங்க. இப்பதான் கட்டுது. யாரும் கை வைக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

குளவி கூடு கட்டினால் வீட்டில் குழந்தை வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எங்கள் வீட்டில் இருப்பது இரண்டே பேர். நான் ஐம்பதைத் தாண்டியவன். அவளோ கண்ணாடியைத் தேடுவதற்கே இன்னொரு கண்ணாடி போட்டுக்கொள்கிறவள். ஆகவே குளவி விலாசம் தேடி வந்தது ஆஸ்திரேலியாவில் இருக்கும் எங்கள் மகளுக்காகத்தான் என்று அவள் முடிவு செய்துவிட்டாள். மகளுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். நடுவில் ஒருமுறை நல்ல சேதி சொன்னாள். அடுத்த மாதமே அது இல்லை என்று ஆனது. அதிலிருந்து என் மனைவி போனில் அங்கே கறிவேப்பிலை என்ன விலை என்று கேட்பாள், மழை உண்டா என்று கேட்பாள், அந்த ஒன்றை மட்டும் கேட்க மாட்டாள். அவள் கேட்காததை இப்போது ஒரு குளவி கேட்டுவிட்டது.

இதில் என் நிலைமையையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். என் தாத்தா கோலார் தங்கவயலில் பூமிக்குள் இறங்கி, கும்மிருட்டில் பாறையை வெடிவைத்துப் பிளந்தவர். அந்த வீரமெல்லாம் அவரோடு சுரங்கத்திலேயே தங்கிவிட்டது. எனக்கு வந்தது அவருடைய மூக்கு மட்டும்தான். கொட்டுகிற ஜந்து என்றால் எனக்குக் கால்கள்தான் முதலில் முடிவெடுக்கும்.

போன வருஷம் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது மாப்பிள்ளை எங்களைப் பக்கத்துக் காட்டுக்கு அழைத்துப் போனார். புதர்க்காடு, யூகலிப்டஸ் வாசனை, நல்ல வெயில். விழுந்து கிடந்த ஒரு மரத்தில் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தேன். அப்போது ஓர் எறும்பு வந்தது. நம்மூர்க் கட்டெறும்புக்குப் பெரியப்பா மாதிரி இருந்தது. முகத்துக்கு முன்னால் இடுக்கி போல இரண்டு தாடைகள். நான் கையை அசைத்தால் அது தலையைத் திருப்பிப் பார்த்தது. தலையைத் திருப்பிப் பார்க்கிற எறும்பை நான் அதுவரை கண்டதில்லை. எழுவதற்குள் கணுக்காலைக் கவ்விக்கொண்டு வாலால் கொட்டிவிட்டது.

நான் ஓடிய வேகத்தில் எதிரே நாயோடு வந்த வெள்ளைக்காரப் பெண்மணி நாயைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். சாவு நெருங்கிவிட்டது என்று நிச்சயமானதும் மனைவியைக் கூப்பிட்டு என் கடைசி வார்த்தைகளைச் சொன்னேன்.

"லாக்கர் சாவி அரிசி டப்பாவுல இருக்கு."

"தெரியும், நான்தான வெச்சேன்," என்றாள் அவள். "கால நீட்டுங்க, தண்ணி ஊத்தறேன்."

திரும்பும் வழியில் இருந்த கழிப்பறையின் கூரைக்கடியில் குளவிகள் பொதுக்கூட்டம் நடத்திக்கொண்டிருந்தன. வீடு வரும்வரை அடக்கிக்கொண்டேன். மகள் காரில் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். அந்த நல்ல சேதி பொய்யான பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். அதனால் அந்த எறும்பை ஓரளவு மன்னித்திருந்தேன். ஆனால் இன்னொரு முறை சந்திக்கிற அளவுக்கு இல்லை.

ஆகவே குளியலறையிலிருந்து வெளியே வந்ததும் நான் செய்த முதல் வேலை, எங்கள் அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில், பால்கனிகளில் குளவித் தொல்லை, உடனே நடவடிக்கை தேவை என்று எழுதியதுதான். எத்தனையோ வருஷமாகச் சொட்டும் குழாயைக் கவனிக்காத சங்கம், இதற்கு மட்டும் அரை மணியில் பதில் போட்டது. அடுத்த வார ஞாயிறு எல்லா பால்கனிகளிலும் மருந்து அடிப்பார்கள்.

பக்கத்து வீட்டுக்காரரும் தங்கவயல்காரர்தான். என் மனைவி அவர் மனைவியிடம் சொல்ல, அவர் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா குரு, வீட்ல விசேஷமாமே? இந்த வயசுலயா?"

"யோவ், கூடு ஹெல்மெட்ல கட்டியிருக்குது."

"ஹெல்மெட் யார்து?"

"என்து."

"அப்ப உனக்குத்தான்," என்றார் அவர், என் தொப்பையைத் தட்டி. "எனக்கு அப்பவே டவுட்டு. ஏழு மாசம் இருக்கும்ல?"

அந்த வாரம் முழுக்க பால்கனிக் கதவை மூடியே வைத்தேன். குளவி சிலந்திகளைத் தூக்கிக்கொண்டு வருவதும், மண் உருண்டையோடு வருவதும் கண்ணாடி வழியே தெரியும். மண் பூசும்போது அது ரீங்காரமாகப் பாடும். ஆபீஸ் மீட்டிங்கில் அதைக் கேட்டுவிட்டு, உங்கள் பக்கம் ஏதோ இரைச்சல் என்றார்கள். கட்டட வேலை நடக்கிறது என்றேன். பொய்யில்லை.

வெள்ளிக்கிழமை மகள் கூப்பிட்டாள். கணக்கும் கம்ப்யூட்டரும் படித்தவள். நிச்சயம் என் கட்சிதான் என்று நம்பி மனைவியிடமிருந்து போனை வாங்கிக்கொண்டேன்.

"கூடு இருக்காப்பா?"

"இருக்கு. ஞாயித்துக்கிழமை மருந்து அடிக்கறாங்க. போயிடும், கவலைப்படாத."

"அதக் கலைக்காதீங்கப்பா."

"நீ எப்பலருந்தும்மா இதெல்லாம் நம்ப ஆரம்பிச்ச?"

"நம்பல. சும்மா. இருந்துட்டுப் போவட்டும்."

அவளுடைய சும்மாவை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். மார்க் குறைந்த அன்று என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டு சொல்கிற சும்மா அது. போனை வைத்ததும் சங்கச் செயலாளரிடம் ஓடினேன். எங்கள் வீட்டை மட்டும் விட்டுவிடுங்கள் என்றேன்.

"நீவே கம்ப்ளெயின்ட் மாடித்து அல்வா சார்?" புகார் கொடுத்ததே நீங்கள்தானே என்று கன்னடத்தில் கேட்டார் அவர், என்னை மேலும் கீழும் பார்த்து. "ஒரு வீட்ட விட்டா எல்லாரும் கேப்பாங்க. முடியாது, ஆகல்லா."

ஞாயிற்றுக்கிழமை. பக்கத்து வீட்டு பால்கனியில் மருந்து பம்ப்பின் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது. என் மனைவி கோயிலுக்குப் போயிருந்தாள். நான் கண்ணாடிக் கதவைத் திறந்தேன். ஹெல்மெட்டை ஆணியிலிருந்து கழற்றினேன். மண்ணில் ஓட்டை எதுவும் இல்லை, கூட்டை மூடியாகிவிட்டது. தாய்க்குளவி மட்டும் ஏதோ கடைசிப் பூச்சு பார்த்துக்கொண்டிருந்தது.

சீர்வரிசைத் தட்டை ஏந்துவது போல ஹெல்மெட்டை இரண்டு கைகளிலும் ஏந்தி, முகத்தை எவ்வளவு தூரம் தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வைத்துக்கொண்டு லிஃப்டுக்குள் நுழைந்தேன். உள்ளே நாலைந்து பேர். பக்கத்து வீட்டுக்காரரும் இருந்தார்.

"இன்னா குரு, யாருக்கு நிச்சயம்?"

பதிலை ஹெல்மெட்டே சொன்னது. ஙொய்ய் என்று. அடுத்த மாடியில் கதவு திறந்ததும் லிஃப்ட் காலியாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்தான் முதலில் ஓடினார். நானும் ஓடியிருப்பேன். ஆனால் எங்கே ஓடினாலும் ஹெல்மெட் கூடவே வருமே.

கீழே பூங்கா பெஞ்சில், ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். குளவி வெளியே வந்து, என் தலையை ஒரு சுற்று சுற்றி, என் மணிக்கட்டில் உட்கார்ந்தது. வியர்வை மூக்கு நுனியில் நின்றது. அது மீசையைத் துடைத்துக்கொண்டது. அப்புறம், வாடகை பாக்கி ஏதும் இல்லாதவர் வீட்டைக் காலி செய்வது போல, நிதானமாகப் பறந்து போய்விட்டது. கொட்டவில்லை. எனக்கே அது கொஞ்சம் அவமானமாக இருந்தது. அத்தனை பயத்துக்கு ஒரு தடம்கூட இல்லை.

மருந்து அடித்தவர்கள் போனபிறகு ஹெல்மெட்டை மறுபடி மாட்டிவிட்டேன்; மனைவி திரும்பி வந்தபோது கூடு பழைய ஆணியிலேயே இருந்தது. நான் சோபாவில் சாய்ந்திருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் அவளிடம் எல்லாம் சொல்லிவிட்டார், தான் ஓடியதைத் தவிர. அவள் காபி போட்டுக் கொடுத்தாள். சர்க்கரை தாராளமாக இருந்தது.

மூன்று வாரம் கழித்து மண்ணில் வட்ட வட்டமாக ஓட்டைகள் விழுந்திருந்தன. பிள்ளைகள் கிளம்பிவிட்டார்கள். அதே வாரத்தில் ஒரு காலை மகள் வீடியோவில் வந்தாள். மாப்பிள்ளை பின்னால் நின்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். மூணு மாசம் முடிஞ்சப்புறம் சொல்லலாம்னு இருந்தோம் என்றாள். என் மனைவி போனைக் கூரைக்குக் காட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். மகளுக்கு எங்கள் மின்விசிறி மட்டும்தான் தெரிந்திருக்கும்.

நான் மெதுவாகக் கணக்குப் போட்டேன். "ஏய், இது குளவி வர்றதுக்கு முன்னாடியே."

"அதான் சொல்ல வந்துச்சு," என்றாள் அவள். "உங்களுக்குத்தான் குளிக்கற ரூம்ல நின்னதுல ஒண்ணும் புரியல."

அந்தப் பக்கம் மகள் சிரிக்கும் சத்தம். காரில் கேட்ட அதே சிரிப்பு. எனக்கும் கண் மங்கியது. தாத்தா. நான் தாத்தா ஆகப்போகிறேன். எழுந்து நின்று ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.

அதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "பிரசவத்துக்கு நாங்க ரெண்டு பேரும் வந்துடறோம்டி. ஆறு மாசம் இருக்கறோம்."

எனக்குக் கணுக்கால் அரிக்க ஆரம்பித்தது.

"அந்த எறும்பு," என்றேன், "இன்னும் அங்கதான் இருக்குதா?"