அமரோனே போத்தலும் என் கைநடுக்கமும்

தட்டு உடைந்தால் திட்டோடு போகும், போத்தல் உடைந்தால் வேலையே போகும். மேசையில் பரிமாறிப் பிழைக்கிற உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் வேலை பார்ப்பது பண்டாரவளைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துத் துரையின் பழைய பங்களாவை ஹோட்டலாக்கிய இடத்தில். எங்கள் அலமாரியிலேயே பெரிய ஆள், அமரோனே என்ற இத்தாலிச் சிவப்பு வைன். கறுத்த நிறம், நல்ல கனம், கடுமை. முதல் தடவை அதை என் கையில் கொடுத்தபோது மனேஜர், "வெலய மட்டும் கேக்காத, கை நடுங்கும்" என்றார். கேட்காமலே நடுங்கியது.

பாதித் தக்கை

முதல் போத்தலைத் திறக்கச் சொன்னவர் கொழும்பிலிருந்து வந்த நகைக்கடை முதலாளி. திருகுகம்பியை இறக்கி இழுத்தேன். பாதித் தக்கை மேலே வந்தது, மீதி கழுத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, சரித்துத் திருகி, ஒருவழியாக எடுத்தேன். ஊற்றினால் தூள் மிதக்கிறது. திட்டு வாங்கத் தயாராக நின்றேன்.

அவர் கிளாஸைத் தள்ளி வைத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பயப்படாதீங்க தங்கச்சி, இவ்வளவு வெல குடுத்துட்டு இதக் குடிக்க எனக்கே பயமாத்தான் இருக்கு."

கார் சாவி

இந்த வைன் பழச்சாறு மாதிரி இறங்கும், பிறகுதான் காலைப் பிடிக்கும். ஒரு ஞாயிறு மதியம், பதுளையிலிருந்து வந்த ஒருவர் முழுப் போத்தலையும் தனியாகவே முடித்தார். எதிரே மனைவியும் இரண்டு சின்னப் பிள்ளைகளும். வெளியே பனி இறங்கி, ரோட்டின் முதல் வளைவே தெரியவில்லை. அவர் எழுந்து கார் சாவியைத் தேட ஆரம்பித்தார். தடுத்தால் என்மேல் புகார் போகும். தடுக்காவிட்டால் அந்தப் பிள்ளைகள்.

மேசை துடைக்கிற சாக்கில் அவர் மனைவி பக்கம் குனிந்தேன். "இது சாதா வைன் இல்லக்கா, ரொம்பக் கடுமை."

அந்த அக்கா தன் கைப்பையை லேசாகத் திறந்து, உள்ளே கிடந்த சாவியைக் காட்டினார். "நான் எப்பவோ எடுத்து வச்சிட்டேன், ரூம் இருக்கான்னு மட்டும் பாருங்க."

கண் மூடிய பெரியவர்

இத்தாலியில் வெரோனா பக்கத்து மலைகளில், பரம்பரையாக அமரோனே செய்கிற குடும்பத்துப் பெரியவர் ஒருவர் வந்தார். லீவு போடலாமா என்றுகூட யோசித்தேன். ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, கண்ணை மூடியவர் திறக்கவே இல்லை. வெளியே மழை. உள்ளே எனக்கு வேர்வை. வைன் கெட்டுப்போய்விட்டதா? நான்தான் எதையாவது கெடுத்தேனா?

கூட வந்த வழிகாட்டி, நாங்கள் அண்ணன் முறைக்கு நானா என்று கூப்பிடும் ரிஸ்வான் நானா, மெதுவாக விசாரித்துச் சொன்னார். அவர்கள் பறித்த திராட்சையை உடனே பிழிவதில்லையாம். நம்ம தேயிலை ஃபேக்டரி மாடியில் கொழுந்தை வாட்டுகிற மாதிரி, பரணில் மூங்கில் தட்டுகளில் பரப்பி, மாதக்கணக்கில் வாட விடுவார்களாம். பழம் சுருங்கச் சுருங்கத்தான் அந்தக் கனமும் கடுமையும் சேருமாம். நடுவில் ஈரம் ஏறினால் பூஞ்சை பிடித்து, அந்த வருஷமே போச்சாம்.

"வைன்ல ஒரு கொறையும் இல்லயாம்," என்றார் நானா. "மழச் சத்தம் கேட்டாலே, பரண்ல பழம் நனையுதோன்னு இந்த வயசிலயும் கண்ண மூடிக் காது குடுப்பாராம்."

மண் சரிந்த மதியம்

அம்மா கீழ்த் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர், அங்கேயே லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் இருப்பவர். அப்பா குடியால் போனவர். நான் போத்தல் தூக்குகிற வேலைக்கு வந்ததிலிருந்து அம்மா என்னோடு முகம் கொடுத்துப் பேசியதில்லை.

ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு நாள், மதியச் சாப்பாட்டுக்கு அமரோனே ஊற்றிக்கொண்டிருந்தேன். லொறியில் கல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். "லயத்துப் பக்கம் மண்ணு சரிஞ்சிருச்சு!" என்று யாரோ கத்தினார்கள். போத்தல் மேசை விளிம்பில் மோதி உடைந்து, என் வெள்ளைச் சட்டையெல்லாம் தெறித்தது. அம்மாவுக்குப் போன் எடுத்தேன், லைன் போகவில்லை. சேற்றில் விழுந்து எழுந்து ஓடினேன். லயத்துச் சமையல்கட்டுகள் மண்ணுக்குள் கிடந்தன. "அம்மா, அம்மா" என்று கத்தினேன். கோயிலடியில் நின்றவர்தான் சொன்னார், எல்லோரையும் காலையிலேயே பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போய்விட்டார்கள் என்று.

பள்ளிக்கூட வாசலில் என்னைக் கண்டதும் அம்மா அலறினார். சிவந்து கிடந்த நெஞ்சைத் தடவித் தடவிக் காயத்தைத் தேடினார். கிடைக்கவில்லை. சட்டையை முகர்ந்து பார்த்தார். பிறகு என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்: "சாராயந்தானா தாயி? முருகா, வெறுஞ் சாராயந்தானா!"

எத்தனையோ பெரிய மனிதர்கள் அமரோனேயை முகர்ந்து பாராட்டக் கேட்டிருக்கிறேன், ஆனால் அம்மா அளவுக்கு அதை மனதாரப் பாராட்டியவர் யாருமில்லை.