இடக்கையில் ஒன்று, வலக்கையில் ஒன்று

போன மாதம் ஈப்போவில் ஒரு பேரங்காடிக்குப் போயிருந்தேன். நடைபாதை நடுவே மலிவு விலை செண்ட் விற்கிற சின்னக் கடை. விற்கும் பெண் ஒரு புட்டியை என் இடது மணிக்கட்டிலும் இன்னொன்றை வலது மணிக்கட்டிலும் அடித்துவிட்டு, "ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான் ஆன்ட்டி. வெலயும் ஒண்ணுதான். இது கொஞ்சம் இனிப்பு, அது கொஞ்சம் காரம்லா," என்றாள்.

அவள் சொன்னது சரிதான். இடக்கையில் முதலில் பட்டை வாசனை எட்டிப் பார்த்தது. சற்று நேரத்தில் ஏலக்காய் போட்ட பாயசம்போல இளகிவிட்டது. வலக்கையில் கிராம்பும் ஆரஞ்சுத் தோலும். அடியில் தீய்ந்த சர்க்கரையின் இனிப்பு இருந்தாலும் காரம் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு கைகளையும் மாறி மாறி முகர்ந்துகொண்டு நின்ற என்னைப் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ. போதாக்குறைக்குத் தும்மல் வேறு பிடித்துக்கொண்டது.

"யாருக்கு ஆன்ட்டி?"

"அக்காவுக்கு."

"அவங்களுக்கு எப்டி புடிக்கும்? இனிப்பா, காரமா?"

அதுதான் எனக்குத் தெரியவில்லை. அக்கா இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது, படையலில் வைக்கத்தான் வாங்குகிறேன் என்று அந்தச் சின்னப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? இறந்தவருக்குப் பிடித்ததை இலையில் வைப்பது எங்கள் வழக்கம். அப்பாவுக்கு வருடா வருடம் கறுப்பு பீர் வைக்கிறோம். உயிரோடு இருந்தபோது அந்த பீருக்காக அவர் அம்மாவிடம் வாங்கிய ஏச்சு கொஞ்சநஞ்சமல்ல. அக்காவுக்குச் சேலை எடுத்தாகிவிட்டது. செண்ட்தான் பாக்கி. அதைச் சரியாக வைத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். காரணம் இருக்கிறது.

கோலா கங்சார் போகும் வழியில், உள்ளே தள்ளி இருந்தது நாங்கள் குடியிருந்த ரப்பர் தோட்டம். அக்கா அங்கே பால்மரம் வெட்டினாள், மரப்பட்டையைச் சீவிப் பால் இறக்குகிற வேலை. ரப்பர்ப்பால் மணம் ஒன்றும் மோசமில்லை. மோசம் ஒட்டுப்பால்தான். மரத்திலும் கோப்பையிலும் காய்ந்து ஒட்டியதைப் பிய்த்துச் சாக்கில் போட்டு வைத்தால், அது அழுகி எழுப்புகிற நாற்றம் துணியில் ஏறும், தலைமுடியில் ஏறும், துவைத்தாலும் போகாது. அல்லது போகாது என்று நாங்கள் நம்பினோம். டவுன் பஸ்ஸில் எங்கள் பக்கத்து இடம் காலியாகவே வரும். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். கைக்குட்டை மட்டும் மூக்குக்குப் போகும்.

அதற்கு எங்கள் லயத்துப் பெண்கள், வரிசை வீடுகளில் எங்களோடு இருந்தவர்கள், கண்டுபிடித்த வைத்தியம்தான் பொதுப் புட்டி. எல்லோரும் சேர்ந்து வாங்கிய ஒரே செண்ட் புட்டி, கோடி வீட்டு அஞ்சலையக்காவிடம் இருக்கும். பூட்டுப் போட்ட அலமாரி அவர் வீட்டில் மட்டும்தான் இருந்தது. ஆஸ்பத்திரி, பெண் பார்க்கும் நாள், வேலைக்கு நேர்முகம் என்றால் திறப்பார். சினிமாவுக்கு என்றால் திறக்க மாட்டார். அவரே காதுக்குப் பின்னால் தொட்டு வைப்பார், மணிக்கட்டில் வைப்பார், கடைசியாக முழங்கையின் உள்பக்கம். மரம் வெட்டும்போது பால் கை வழியே வழிந்து அங்கேதான் போய்க் காயும். டவுனில் யாரும் முழங்கையில் செண்ட் போட்டு நான் பார்த்ததில்லை.

புட்டி தீர்ந்தால் சம்பள நாளில் வேனில் வரும் பாய் நிரப்பிக் கொடுப்பார். துணி, சோப்பு, சீப்பு எல்லாம் விற்பார். ஒரு முறை இரண்டு பெரிய புட்டிகளோடு வந்து நின்றார். இரண்டும், அந்தப் பேரங்காடிப் புட்டிகளைப் போலவே, இனிப்பும் காரமும் கலந்தவை.

"ரெண்டும் ஒண்ணுதாம்மா, எது வேணும்னு சட்டுனு சொல்லுங்க," என்றார் பாய்.

"மூக்குக்கு ஒண்ணா இருக்கலாம் பாய். ஒட்டுப்பால்கிட்ட எது நிக்கும்னு பாக்கணும்லா," என்றாள் அக்கா.

மறுநாள் இடக்கையில் ஒன்றும் வலக்கையில் ஒன்றுமாகத் தடவிக்கொண்டு, விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போனாள். மரம் வெட்டி, பால் எடுத்து, ஒட்டுப்பால் சாக்கைத் தோளில் சுமந்து, பால் நிறுக்கிற இடத்தில் வந்து இரண்டு கைகளையும் நீட்டினாள். பெண்கள் வரிசையாக முகர்ந்து பார்த்தார்கள். நானும் பார்த்தேன். ஒரு கை ஜெயித்தது. அதைத்தான் அதற்குப் பிறகு எப்போதும் நிரப்பினோம்.

எந்தக் கை என்பது எனக்கு நினைவில்லை.

கமுந்திங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலைக்கு ஆள் எடுத்தார்கள். அக்காவுக்குத் துணையாக நான் போனேன். அந்த வேலை கிடைத்தால்தான் தோட்டத்துக் காட்டைவிட்டு வெளியே வர முடியும். அஞ்சலையக்கா அன்று தாராளமாகவே தடவிவிட்டிருந்தார். வெளியே வரிசையில் நின்றவர்களைப் பார்த்துக்கொண்டே வந்த மேற்பார்வைக்காரம்மா, தமிழர்தான், அக்காவிடம் வந்ததும் நின்றுவிட்டார்.

"எந்தத் தோட்டம்?"

அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "எப்டிக்கா தெரியும்?"

"இந்த செண்ட்தான் சொல்லுதே. எங்கம்மாவும் மரம் வெட்னவங்கதான், இதையேதான் போடுவாங்க. வேன் பாய் எல்லாத் தோட்டத்துக்கும் போறவருதானே?" சிரித்தபடி சொன்னவர், "உள்ள செண்ட் கூடாது தங்கச்சி. போயி கழுவிட்டு வா," என்றார்.

தோட்டத்து நாற்றத்தை மறைக்க நாங்கள் போட்டது, தோட்டத்து ஆள் என்று ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது! ஆனால் அக்காவின் பயம் அது இல்லை. குழாயடியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "செண்ட் போனா என்னாடி மிஞ்சும்? ஒட்டுப்பாலுதானே?" என்றாள். கை சிவக்கச் சிவக்கத் தேய்த்தாள். திரும்பிப் போய்க் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். அந்த அம்மா அவள் கையை இழுத்து, குனிந்து, முழங்கையில் முகர்ந்தார். அந்த இடத்தைத் தெரிந்தவர்.

"ஒண்ணும் இல்ல. சவுக்காரம்தான் மணக்குது. வா உள்ள."

வேலை கிடைத்துவிட்டது. திரும்பும்போது பஸ்ஸில் அக்கா முழங்கையை மூக்கருகே வைத்துக்கொண்டே வந்தாள். "நெசமா ஒண்ணும் இல்லயாடி?" என்று கேட்டாள். "இல்லக்கா," என்றேன். நான் சொன்னதை அவள் நம்பவில்லை, மறுபடியும் கேட்டாள். பிறகு அழ ஆரம்பித்தாள். இத்தனை வருடம் எதற்குக் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தோம் என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது.

தோட்டத்தை விற்றுவிட்டார்கள். இப்போது அங்கே தாமான், வரிசையாக வீடுகள். அஞ்சலையக்கா மகனோடு கிள்ளானுக்குப் போய் அங்கேயே காலமானார். பாயின் மகன் ஈப்போவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். போய்க் கேட்டேன். "அத்தா என்னத்த ஊத்துனாருன்னு எனக்கு எப்டிக்கா தெரியும்? எனக்கு வெவரம் தெரியிறப்பயே வேன வித்துட்டாரு," என்றார்.

கடைசியில் பேரங்காடியில் இரண்டு புட்டிகளையுமே வாங்கினேன். படையலன்று இலையில் சேலைக்குப் பக்கத்தில் இரண்டையும் வைத்தபோது அக்காவின் மகள் விநோதமாகப் பார்த்தாள்.

"அம்மா செண்ட்டே போட மாட்டாங்களே சின்னம்மா?"

"நீ பொறக்கறதுக்கு முந்தி போடுவா."

அவள் இரண்டையும் எடுத்துத் திறந்து முகர்ந்தாள். "இதுல எது அம்மாவோடது?"

ஒரு லயமே முகர்ந்து முடிவு செய்த விஷயம் அது. அதைத் தெரிந்த மூக்குகளில், நான் அறிய, மிஞ்சியது என்னுடையது மட்டும்தான்.

"தெரியலம்மா," என்றேன்.