ஒரு பல் தள்ளி மாட்டிய டிராப் ஆர்ம்

மூர்த்தி பஸ்ஸை ஒர்க்‌ஷாப் வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே வந்த அன்று, அவனும் மெக்கானிக் சம்பங்கியும் பேசிக்கொண்டது ஜெயப்ரியாவுக்கு அப்படியே நினைவிருக்கிறது. அவள் அங்கே எழுத்து வேலை பார்ப்பவள்; மேசையில், வண்டிக்குச் செய்த வேலையைக் குறிக்கும் ஜாப் கார்டு எழுதிக்கொண்டிருந்தாள்.

"ணா, வலப்பக்கம் ஒடிச்சா வண்டி வர மாட்டேங்குது," என்றான் மூர்த்தி.

"இடப்பக்கம்?"

"அது நல்லா வருது."

"ஸ்டியரிங் நேரா நிக்குதா?"

"நிக்குது."

"அப்புறம் என்னடா. கையில தெம்பு இல்லைன்னு சொல்லு. வீட்ல களி போடறதில்லையா?"

மூர்த்தி சிரிக்கவில்லை. "நேத்து கம்பெனி கேட்டுத் தூண்ல இடிச்சிட்டேன். ஷிப்டு முடிஞ்ச பொம்பளைங்க நாப்பது பேரு உள்ள."

"எட்டு வருஷமா அதே கேட்டு. தூண் எங்க இருக்குதுன்னு தெரியாதா உனக்கு?"

"எனக்குத் தெரியுதுணா. வண்டிக்குத்தான் தெரியல."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"குடிச்சியான்னு கேட்டாங்க. ஒண்ணாந்தேதியிலிருந்து வேற டிரைவர் வர்றானாம். என்னை நின்னுக்கச் சொல்லிட்டாங்க."

சம்பங்கி வாசலுக்குப் போய்ப் பஸ்ஸின் முன்சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு, "போய் டீ குடிச்சிட்டு வா, பாக்கறேன்," என்றார்.

இது 2006இல், ஓசூர் பாகலூர் சாலையில். அம்மா என்று அவர்கள் சொன்னது அத்திப்பள்ளி நஞ்சம்மாவை. கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு, இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு இரண்டு ஷிப்டு பஸ் விட்டிருந்தார். இரண்டுக்கும் ரிப்பேர் வேலை இங்கேதான்.

சம்பங்கிக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். கெலமங்கலத்துக்குப் பக்கத்தில் ஊர். மனைவி முனிலட்சுமி ரோஜாத் தோட்டத்தில் பூ வெட்டப் போவாள். காலையில் அவளை மொபெட்டில் அங்கே இறக்கிவிட்டு, ஒன்பதுக்கெல்லாம் வந்துவிடுவார். வீட்டில் தெலுங்கு, கர்நாடக டிரைவர்களிடம் கன்னடம், முதலாளியிடமும் மற்றவர்களிடமும் தமிழ். எண்ணுவது மட்டும் தெலுங்கில்தான். எண்ணும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் ஒரு முறை முறைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

ஸ்டியரிங் பாக்ஸைக் கழற்றி மாட்டுவதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. பாக்ஸின் தண்டில், முன்சக்கரங்களைத் திருப்புகிற டிராப் ஆர்ம் என்ற இரும்புக் கை தொங்கும். தண்டிலும் அதன் துளையிலும் பல் வெட்டியிருக்கும். கழற்றுவதற்கு முன் உளியால் இரண்டின் மேலும் சேர்த்து ஒரு கோடு போடுவார். திரும்ப மாட்டுகையில் கோடும் கோடும் சேர வேண்டும். ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை சுற்றி எண்ணுவார். அதில் பாதி திரும்பி வந்தால் நடு. முன்சக்கரங்களை நேராக வைத்து, நடுவில் நிற்கும் பாக்ஸோடு இணைத்து, ஸ்டியரிங் வீல் கோணலாக நின்றால் கடைசியில்தான் அதைத் தொடுவார்.

"வீலைப் பிடுங்கி நேரா வெக்கறவன் மெக்கானிக் இல்ல. போட்டோ மாட்டறவன்," என்று பக்கத்து ஷெட்டுக்காரர்களைக் கேலி செய்வார்.

பன்னிரண்டு நாளைக்கு முன் இதே பஸ்ஸில் ஆயில் ஒழுகுகிறதென்று பாக்ஸைக் கழற்றியிருந்தார். அன்று இரண்டு மணி ஷிப்டுக்குப் பஸ் போயாக வேண்டும். மூர்த்தி ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தான். சம்பங்கி எண்ணவில்லை. ஸ்டியரிங் வீல் கோணலாக நின்றதையும், அவர் அதைப் பிடுங்கி நேராக மாட்டியதையும் ஜெயப்ரியா மேசையிலிருந்து பார்த்தாள். இவரா இப்படி என்று தோன்றியது. ஆனால் தானாகப் போய்ச் சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை. கார்டில் 'முடிந்தது' என்று எழுதினாள்.

இப்போது அவர் முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கினார். சக்கரத்தை நேராக வைத்து இடப்பக்கம் சுற்றினார். இரண்டரைச் சுற்று வந்தது. வலப்பக்கம் இரண்டிலேயே முட்டி நின்றது; இரண்டும் சமமாக வந்திருக்க வேண்டும். வண்டிக்கு அடியில் படுத்து, மண்ணெண்ணெய்த் துணியால் தண்டைத் துடைத்தார். அதில் இரண்டு உளிக் கோடுகள் இருந்தன. ஒன்று அவருடையது. இன்னொன்று வேறு எந்த ஷெட்டிலோ, எப்போதோ போட்டது. அன்று கிரீஸுக்குள் பழைய கோடுதான் கண்ணில் பட்டிருந்தது. ஆர்ம் ஒரு பல் தள்ளி உட்கார்ந்துவிட்டது.

ஆர்மைக் கழற்றித் தன் கோட்டுக்கு மாட்டினார். ஒகட்டி, ரெண்டு, மூடு என்று தெலுங்கில் எண்ணி நடுவைப் பிடித்தார். ஸ்டியரிங் வீலைத் திருத்தி வைத்தார். மதியத்துக்குள் மூர்த்தி பஸ்ஸை முற்றத்தில் வலப்பக்கமாக ஒரே வளைவில் திருப்பினான்.

"இதைத்தானே சொன்னேன்," என்றான், இறங்காமலே.

முதலாளி கமலக்கண்ணன் சேலத்துக்காரர். நிதானமாகப் பேசுவார். சம்பங்கி நடந்ததைச் சொன்னபோதும் குரல் உயரவில்லை.

"சரி பண்ணியாச்சு இல்ல? அதோட விடு. டிரைவர் இன்னைக்கு வருவான், நாளைக்குப் போவான். அந்தம்மாவுக்குத் தெரிஞ்சா ரெண்டு வண்டியும் வேற ஷெட்டுக்குப் போயிரும். உன்னை வெச்சுத்தான் இந்த ஷெட்டே ஓடுது. உன் பேரையே கெடுத்துக்கறியா?"

"அவன் பேரு கெட்டுப்போச்சுங்களே."

"அவனுக்கு வேற வண்டி கெடைக்காதா?"

"குடிச்சிட்டு இடிச்சான்னு அனுப்பினா யாருங்க குடுப்பா?"

கமலக்கண்ணன் மேசையில் இருந்த ஜாப் கார்டை விரலால் தட்டினார். ஜெயப்ரியா பக்கம் திரும்பி, "ஸ்டியரிங் செக் பண்ணதுன்னு மட்டும் போடும்மா," என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அவளும் அப்படியே எழுதினாள்.

சம்பங்கி கையைத் துடைத்துக்கொண்டு மேசைக்கு வந்தார். எப்போதும் இரண்டடி தள்ளி நின்றுதான் பேசுவார். அன்று கார்டை எட்டிப் பார்த்தார். அவருக்குத் தமிழ் படிக்க வராது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். அவள் படித்துக் காட்டினாள்.

"போன தடவை நான் வீலைப் பிடுங்கினதைப் பாத்தியா?"

"பாத்தேங்ணா."

அவர் தலையாட்டினார். ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

"நீ பத்தாவது வரைக்கும் ஆனேக்கல்ல கன்னடத்துல படிச்சவதானே? நஞ்சம்மாவுக்குக் கன்னடம் மட்டுந்தான் வாசிக்க வரும். வாயில சொன்னா மொதலாளி போன் பண்ணி மாத்திருவாரு. அவங்களுக்கு ஒரு தாள்ல கன்னடத்துல எழுதிக் குடும்மா. தூண்ல இடிச்சது மூர்த்தி தப்பில்ல, ஆர்மை ஒரு பல்லு தள்ளி மாட்டினது சம்பங்கின்னு எழுது. என்னைக் காப்பாத்தற மாதிரி ஒரு வார்த்தை சேக்காதே. எழுதிட்டு ஒருதரம் வாசிச்சுக் காட்டு, நான் கீழ கைநாட்டு வெக்கறேன்."